1251: ஒரு பிழைச்செய்தியின் முன்கதை

வலைத்தளத்தைத் திறந்தால் முகப்புப் பக்கம் வராது. வெள்ளைத் திரையில் ஒற்றை வரி மட்டும் வந்து நிற்கும். 'சர்வர் கேட்கும் அடையாளச் சோதனை முறை இந்தக் கிளையன்டுக்குத் தெரியாது, கிளையன்டைப் புதுப்பிக்கப் பாருங்கள்' என்பது அந்த வரியின் பொருள். பக்கத்தில் 1251 என்று ஓர் எண். பாஸ்வேர்ட் சரிதான், சர்வரும் ஓடுகிறது. நிரலில் ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடவில்லை. அப்புறம் என்ன கோளாறு?

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்தியவர்களை இந்த 1251 முதன்முதலில் பாடாய்ப் படுத்தியது 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில். பிறகு மெல்ல மறைந்துபோனது. 2018-இல் அதே எண், அதே வரி மறுபடி வந்தது! முதல் தடவை தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர் அதற்குள் மேலாளர்களாகி இருப்பார்கள். இரண்டாம் தடவை மாட்டியது புதுத் தலைமுறை. இரண்டு தடவையும் குற்றவாளி சர்வரும் இல்லை, நிரலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் டிரைவர்.

டிரைவர் என்றதும் பேருந்து ஓட்டுபவரை நினைக்க வேண்டாம். கும்பினியார் காலத்துச் சென்னைப்பட்டணத்தில் வெள்ளைக்காரருக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவே துபாஷி ஒருவர் நிற்பாரே, அவருடைய வேலைதான் இது. நிரல் ஒரு பாஷை பேசும், தரவுத்தளம் வேறொரு பாஷை பேசும். நடுவில் இருப்பவருக்கு ஒரு பக்கத்தின் புதுப் பேச்சு புரியாமல் போனால், இரண்டு பக்கமும் நலமாக இருந்தும் வியாபாரம் நின்றுவிடும்.

துபாஷி இல்லாத காலம்

எட்கர் காட் என்பவர் தரவுகளை அட்டவணைகளாக வைக்கலாம் என்று கட்டுரை எழுதியது 1970-இல். அதை ஒட்டி ஐபிஎம் ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டமும், எஸ்க்யூஎல் மொழியும் பிறந்தன. 1979-இல் ஆரக்கிள் அதைக் கடைச்சரக்காக்கியது. மொழி ஒன்றுதான் என்று பெயர். ஆனால் தரவுத்தளத்தோடு பேசும் வழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சி நிரலின் நடுவே எஸ்க்யூஎல் வரிகளைச் செருகி, அந்தக் கம்பெனி கொடுத்த முன்தொகுப்பானில் ஒருமுறை ஓட்டி, பிறகுதான் வழக்கமான கம்பைலருக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு வேறு தரவுத்தளத்துக்கு மாற வேண்டுமென்றால் இத்தனையும் மறுபடி செய்ய வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க 1989-இல் பல கம்பெனிகள் சேர்ந்து எஸ்க்யூஎல் ஆக்சஸ் குரூப் என்று ஒரு குழு அமைத்தன. அங்கே நடந்த வேலையை ஒட்டி மைக்ரோசாஃப்ட் 1992-இல் வெளியிட்டதுதான் ஓடிபிசி. இதன் யோசனை எளிமையானது. நிரல் எப்போதும் ஒரே மாதிரி பேசும். நடுவில் டிரைவர் மேனேஜர் என்று ஒருவர். அவருக்குக் கீழே ஆரக்கிளுக்கு ஒரு டிரைவர், ஆக்சஸுக்கு ஒரு டிரைவர் என்று தனித்தனி ஆட்கள். தரவுத்தளம் மாறினால் ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெர்ல் மொழியில் டிம் பன்ஸ் 1994-இல் கொண்டுவந்த டிபிஐ, ஜாவாவில் 1997-இல் வந்த ஜேடிபிசி எல்லாமே இதே அச்சில் வார்த்தவை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஓடிபிசி உருவானபோது அதை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது மேசைமேல் ஒரு கணினி, அதன் முன்னால் ஒரு ஆள். காலையில் வந்து நிரலைத் திறப்பார், தரவுத்தளத்தோடு ஒரு இணைப்பு உண்டாகும், மாலையில் மூடிவிட்டுப் போவார். நாளுக்கு ஒரு இணைப்பு. அது திறக்க ஒரு வினாடி ஆனாலும் யாருக்கும் கவலையில்லை.

வலை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது

1993-இல் சிஜிஐ வந்தது. வலைப்பக்கம் கேட்டு யாராவது ஒரு சொடுக்கு சொடுக்கினால் சர்வர் ஒரு புது நிரலைக் கிளப்பும். அது தரவுத்தளத்தைத் தேடிப் போய், பெயர் சொல்லி, பாஸ்வேர்ட் கொடுத்து, உள்ளே போய், நாலு வரி எடுத்துக்கொண்டு வந்து செத்துப்போகும். அடுத்த சொடுக்குக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு டீ குடிக்க ஒவ்வொரு தடவையும் கடையைத் திறந்து, அடுப்பு மூட்டி, குடித்தவுடன் கடையைப் பூட்டுவது போல. பக்கத்தை உருவாக்கும் நேரத்தைவிட இணைப்பைத் திறக்கும் நேரம் அதிகமாகிப்போனது.

இணைப்பை மூடாமல் வைத்து அடுத்தவருக்குக் கொடுத்தால் என்ன? இதை ஆரம்பத்திலேயே செய்தவற்றுள் ஒன்று 1995-இல் வெளிவந்து, பிறகு ஏஓஎல்சர்வர் என்று பெயர் மாறிய நேவிசர்வர். சில இணைப்புகளைத் திறந்து ஒரு தொட்டியில் போட்டு வைப்பது, வேண்டும்போது எடுப்பது, முடிந்ததும் திருப்பிப் போடுவது. இன்றைக்குக் கனெக்‌ஷன் பூல் என்று சொல்வது இதைத்தான். நல்ல யோசனைதான், ஆனால் புது வியாதிகளையும் கூடவே கொண்டுவந்தது.

உதாரணத்துக்கு, ஜாவா தளங்களில் ஒரு வினோதக் கோளாறு இருந்தது. ராத்திரி வரை ஒழுங்காக ஓடும். காலையில் முதலில் வருபவருக்கு மட்டும் 'இணைப்பு அறுந்தது' என்று முகத்தில் அடிக்கும். இரண்டு மூன்று தடவை புதுப்பித்தால் சரியாகிவிடும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. மைஎஸ்க்யூஎல் தன்னோடு பேசாமல் சும்மா கிடக்கும் இணைப்பை 28,800 வினாடிகள் கழித்துத் தானாக அறுத்துவிடும். கணக்குப் போட்டால் சரியாக எட்டு மணி நேரம்! இரவில் யாரும் வராத தளத்தில், விடிவதற்குள் தொட்டியில் உள்ள இணைப்புகள் செத்துக் கிடக்கும். தொட்டிக்கு அது தெரியாது. செத்த இணைப்பை எடுத்து முதல் ஆள் கையில் கொடுத்துவிடும். கொடுக்கும் முன் 'ஒன்று என்று சொல்' என ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. இந்த ஒரு வரி அமைப்பைத் தெரிந்துகொள்ளும் முன் எத்தனை பேர் நெட்வொர்க் கேபிளை மாற்றிப் பார்த்திருப்பார்களோ.

ஜாவாவின் 'பொருத்தமான டிரைவர் இல்லை' என்ற செய்தியும் அப்படித்தான். ஜேடிபிசி மேனேஜர் தன்னிடம் பதிந்துள்ள டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு 'இந்த முகவரி உன்னுடையதா' என்று கேட்கும். எல்லோரும் இல்லை என்றால் இந்தச் செய்தி. டிரைவர் கோப்பே இல்லாவிட்டாலும் இதே செய்தி, கோப்பு இருந்து முகவரியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் இதே செய்தி.

மைக்ரோசாஃப்ட் பக்கம் தொல்லை வேறு வகை. 1996 கடைசியில் ஏஎஸ்பி வந்தபோது, ஏற்கனவே கையில் இருந்த ஓடிபிசியை அப்படியே வலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இங்கேதான் அந்த 'மேசைமேல் ஒரு ஆள்' கணக்கு பழிவாங்கியது. ஓடிபிசியில் இணைப்பு விவரங்களுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். இதற்கு டிஎஸ்என் என்று பெயர். பயனருக்கு மட்டும் உரிய டிஎஸ்என் ஒன்று, கணினி முழுவதற்கும் உரியது ஒன்று. எழுதியவர் தன் பெயரில் டிஎஸ்என் உண்டாக்கிச் சோதித்தால் அருமையாக வேலை செய்யும். அதையே வலை சர்வர் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் வலை சர்வர் ஓடுவது வேறு ஒரு கணக்கில். ஆக்சஸ் கோப்பை வைத்துத் தளம் நடத்தியவர்களுக்கோ 80004005 என்ற எண் மனப்பாடம். கோப்பைப் படிக்க அனுமதி கொடுத்தால் போதாது, அது இருக்கும் அடைவில் எழுதவும் அனுமதி வேண்டும். ஆக்சஸ் அங்கே ஒரு பூட்டுக் கோப்பை உண்டாக்கியாக வேண்டும். அது முடியாவிட்டால் வரும் செய்தியிலோ, அந்தக் கோப்பைப் பற்றி நேராக ஒரு சொல் இருக்காது.

பின்னாளில் 64 பிட் விண்டோஸ் வந்தபோது ஓடிபிசி டிரைவர்களும் இரண்டு சாதியாகப் பிரிந்தன. 32 பிட் நிரலுக்கு 64 பிட் டிரைவர் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் அமைக்கத் தனித்தனிக் கருவிகள். இதில் உச்சக்கட்ட வேடிக்கை, 64 பிட் கருவி இருப்பது சிஸ்டம்32 என்ற அடைவில், 32 பிட் கருவி இருப்பது பெயரில் 64 உள்ள அடைவில்! பழைய நிரல்கள் உடையக்கூடாது என்று பழைய பெயரை வைத்துக்கொண்டதன் விளைவு.

பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும்: ஒரு குடும்பச் சண்டை

இனி 1251-இன் சொந்த ஊருக்குப் போகலாம்.

ஸ்வீடனில் மோன்டி விடேனியஸும் நண்பர்களும் 1995-இல் உருவாக்கிய மைஎஸ்க்யூஎல்லும், ராஸ்மஸ் லெர்டார்ஃப் அதே ஆண்டில் வெளியிட்ட பிஎச்பியும் சேர்ந்து வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. இலவசம், வேகம், மாதம் சில டாலருக்கு இடம் தரும் பகிர்வு ஹோஸ்டிங். மாணவன் ஒருவன் சாப்பாட்டுக் காசில் தளம் நடத்தலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது இந்த ஜோடிதான். 2000-இல் வந்த பிஎச்பி 4-க்குள்ளேயே மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நூலகம் பொதிந்து வந்தது. தனியாக டிரைவர் தேடும் வேலையே இல்லை.

சின்னச் சின்னத் தகராறுகள் அப்போதும் உண்டு. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நெட்வொர்க் வழியே போகாது. சாக்கெட் என்ற ஒரு கோப்பு வழியே போகும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பிஎச்பி ஒன்று நினைக்கும், சர்வர் வேறொன்று நினைக்கும். 2002 என்ற பிழை வரும். பெயருக்குப் பதில் 127.0.0.1 என்று எண்ணை எழுதினால் நெட்வொர்க் வழியே போய் வேலை நடக்கும். இரண்டும் ஒரே கணினிதான் என்று நம்புகிற எவருக்கும் இது மந்திரமாகத்தான் தெரியும்.

இணைப்பை மூடாமல் வைக்கும் வசதியும் பிஎச்பியில் இருந்தது. ஆனால் இங்கே பொதுத் தொட்டி கிடையாது, அப்பாச்சியின் ஒவ்வொரு குட்டிச் செயலும் தனக்கென ஓர் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பாச்சியோடு வந்த மாதிரி அமைப்பில் 150 குட்டிகள் வரை அனுமதி. மைஎஸ்க்யூஎல் அனுமதித்த இணைப்புகள் 100. கூட்டம் வந்த அன்றைக்கு மீதி ஐம்பது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 'மட்டுமீறிய இணைப்புகள்' என்ற 1040 வந்து நிற்கும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து வந்தது.

முதல் பக்கம் சட்டம். மைஎஸ்க்யூஎல்லின் கிளையன்ட் நூலகம் முன்பு எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. யாரும் தங்கள் மென்பொருளோடு இணைத்துக்கொள்ளலாம். 4.0 பதிப்போடு அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். இணைத்துக்கொள்பவரும் ஜிபிஎல்லில் வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். கம்பெனியின் பிழைப்பே அதில்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் பிஎச்பியின் உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாதது. பிஎச்பிக்காரர்கள் அந்த நூலகத்தைக் கழற்றி வைத்தார்கள். 2004 ஜூலையில் பிஎச்பி 5.0 வந்தபோது உள்ளே மைஎஸ்க்யூஎல் நூலகம் இல்லை, அதற்குப் பதில் எஸ்க்யூலைட் இருந்தது! திறமூல உரிமங்களுக்கு விதிவிலக்கு என்று மைஎஸ்க்யூஎல் கம்பெனி அதே 2004-இல் இறங்கி வந்தது. ஆனாலும் பொதிந்து தருவது திரும்ப வரவில்லை. 5-க்கு மாறியவர்களுக்கு 'இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்ற செய்தி. விண்டோஸில் என்றால் அமைப்புக் கோப்பில் ஒரு வரியின் முன்னாலிருந்த அரைப்புள்ளியை எடுக்க வேண்டும், ஒரு டிஎல்எல் கோப்பைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தவர்கள் கணக்கில் அடங்காதவர்கள்.

இரண்டாவது பக்கம் பாதுகாப்பு. மைஎஸ்க்யூஎல் அதுவரை பாஸ்வேர்டை 16 எழுத்துச் சுருக்கமாக மாற்றிச் சேமித்தது. அது பலவீனமானது. அந்தச் சுருக்கம் ஒருவர் கையில் கிடைத்தாலே போதும், பாஸ்வேர்ட் தெரியாமலே உள்ளே நுழையலாம். வீட்டுச் சாவியின் அச்சைக் கதவிலேயே ஒட்டி வைத்த மாதிரி. 4.1 பதிப்பில் இதை மாற்றி 41 எழுத்து கொண்ட புது முறையைக் கொண்டுவந்தார்கள். 2004 அக்டோபரில் அது முழுப் பதிப்பாக வெளிவந்தது. மாற்றம் அவசியம்தான். ஆனால் பிஎச்பி 4-க்குள் பொதிந்திருந்தது பழைய 3.23 காலத்து நூலகம். அதற்குப் புது முறை தெரியாது. அங்கே பிறந்தது 1251.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சர்வரை 4.1-க்கு மாற்றிய அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பழைய 16 எழுத்துச் சுருக்கம் உள்ள கணக்குகளைப் புது சர்வரும் ஏற்றுக்கொண்டது. எல்லாம் சுபம் என்று நினைத்து வாரங்கள் ஓடிய பிறகு யாராவது ஒருவர் பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டை மாற்றுவார். அந்த நொடியில் அது புது முறையில் சேமிக்கப்படும், தளம் படுத்துவிடும். பாஸ்வேர்டை மாற்றியவர் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி மாற்றுவார். மறுபடி அதே 1251.

தீர்வு என்று எல்லோரும் பரப்பியது 'பழைய பாஸ்வேர்ட்' என்ற ஒரு ஃபங்ஷன். அதை ஓட்டினால் புது சர்வரிலும் பழைய 16 எழுத்து முறையில் சேமித்துக்கொள்ளும். தளம் உயிர்பெறும். பலவீனம் என்று தூக்கிப்போட்ட பூட்டை எடுத்து வந்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் இதன் அர்த்தம். அதற்கான விலை ஐந்து வருடம் கழித்து வந்தது.

பிஎச்பிக்காரர்களும் மைஎஸ்க்யூஎல்காரர்களும் கடைசியில் சேர்ந்து உட்கார்ந்து, பிஎச்பியின் உரிமத்திலேயே புதிதாக ஒரு டிரைவரை எழுதினார்கள். மைஎஸ்க்யூஎல்என்டி என்று பெயர். 2009 ஜூனில் பிஎச்பி 5.3-உடன் வந்தது, 2012-இல் 5.4-இல் அதுவே வழக்கமான டிரைவர் ஆனது. உரிமச் சண்டை அத்தோடு தீர்ந்தது. ஆனால் புது துபாஷிக்குப் பழைய பாஷை தெரியாது, வேண்டுமென்றே கற்றுத்தரவில்லை. 2004-இல் பழைய முறைக்குத் திரும்பியவர்கள் 5.3-க்கு மாறியதும், பழைய பாதுகாப்பற்ற முறையில் இணைக்க மாட்டேன் என்று டிரைவர் மறுத்தது. முன்பு சர்வர் புதிது, டிரைவர் பழசு. இப்போது டிரைவர் புதிது, பாஸ்வேர்ட் பழசு.

தமிழ் கேள்விக்குறியான கதை

அதே 4.1 தமிழ்ப் பதிவர்களையும் விட்டு வைக்கவில்லை. அந்தப் பதிப்பில்தான் இணைப்புக்கே ஓர் எழுத்துத் தொகுப்பு என்ற ஏற்பாடு விரிவாக வந்தது. நிரல் யூனிகோடில் தமிழை அனுப்பும். டிரைவரோ, வேறு சொல்லாவிட்டால், வருவது லத்தீன் எழுத்து என்று சர்வரிடம் சொல்லிவிடும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். அந்த மூன்றும் மூன்று தனி லத்தீன் எழுத்துகளாக உள்ளே போய் உட்காரும். திரும்ப எடுக்கும்போதும் அதே தவறான இணைப்பு என்றால் தமிழ் ஒழுங்காகவே தெரியும்! இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. யாராவது நல்ல எண்ணத்தில் இணைப்பைத் திருத்தினால்தான் எல்லா இடுகைகளும் தொப்பி போட்ட ரோமன் எழுத்துகளாக மாறும், இல்லாவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள். வேர்ட்பிரஸ் 2007 மே மாதம் 2.2 பதிப்பில் இணைப்பின் எழுத்துத் தொகுப்பை அமைப்புக் கோப்பில் எழுதும் வசதியைக் கொண்டுவந்தபோது, பழைய தளங்களில் அந்த வரியைப் புதிதாகச் சேர்த்தவர்கள் சந்தித்தது இதைத்தான். எழுத்துகள் அழியவில்லை, வாசிக்கும் கண்ணாடி மாறிவிட்டது. அது புரியாமல் பயந்துபோய் அந்த நிலையிலேயே திருத்திச் சேமித்தவர்களுக்குத்தான் நிஜமான இழப்பு.

மைஎஸ்க்யூஎல் யுடிஎஃப்8 என்று பெயர் வைத்ததும் முழு யுடிஎஃப்-8 இல்லை. ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழுக்கு அது போதும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். 2010-இல் நான்கு பைட் ஏற்கும் வகை வந்தது, ஸ்மைலி பொம்மைகளுக்காகப் பலரும் அதற்கு மாறினார்கள். 2019-இல் யூனிகோடு 12-இல் முந்திரி, மாகாணி போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் வேண்டும். பழைய வகையில் வைத்திருக்கும் தளங்களில் முந்திரியைச் சேமிக்க முடியாது.

மறுபடியும் 1251

2018 ஏப்ரலில் மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தது. இதற்குள் சன் கம்பெனி 2008-இல் மைஎஸ்க்யூஎல்லை வாங்கி, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியிருந்தது. 4.1-இல் புதிதாக இருந்த முறை இப்போது கிழடு. அது நம்பியிருந்த எஸ்எச்ஏ-1 சுருக்கம் நம்பத்தகாதது என்று ஆகிவிட்டது. ஆகவே எஸ்எச்ஏ-256 அடிப்படையில் புது முறையை இயல்பாக்கினார்கள். நோட் ஜேஎஸ் உலகத்தில் பரவலாக இருந்த மைஎஸ்க்யூஎல் டிரைவருக்கு அது தெரியாது. 1251! பிஎச்பியிலோ அதே சங்கதி 2054 என்ற வேறு எண்ணில் வந்தது. பிஎச்பி டிரைவர் புது முறையை முழுதாகக் கற்றுக்கொண்டது 2019 நவம்பரில், 7.4 பதிப்பில்.

இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் பரப்பிய தீர்வு என்ன? அந்தக் கணக்கை மட்டும் பழைய முறைக்கு மாற்றும் ஒரு வரிக் கட்டளை. 2004-இல் செய்த அதே காரியம், ஃபங்ஷன் பெயர் மட்டும் வேறு.

இம்முறை கதவு கொஞ்சம் சீக்கிரமாகவே மூடியது. 2024 ஏப்ரலில் வந்த 8.4-இல் பழைய முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது, அதே ஜூலையில் வந்த 9.0-இல் சர்வரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மோன்டி 2009-இல் பிரிந்து போய்த் தொடங்கிய மரியாடிபியில் மட்டும் அது தொடர்ந்து இருந்தது. அந்த ஒரு வரிக் கட்டளையை 2018-இல் ஓட்டிவிட்டு மறந்துபோனவர்கள் 9-க்கு மாறும்போது, பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாது.